அமுக்காமல் வெந்தது

வீட்டுக்காரி: அமுக்குறீங்க!

இஸ்திரிக்காரர்: இல்லையே.

வீட்டுக்காரி: பொய். இப்ப சுர்ர்ருன்னு ஒரு சத்தம் வந்துச்சே, அது என்ன? கறியில இருக்கிற சாறெல்லாம் பிழிஞ்சு சட்டியில ஓடுற சத்தம்.

இஸ்திரிக்காரர்: லேசா... ஓரம் தூக்கிக்கிட்டு நிக்குதேன்னு கரண்டியால ஒரு...

வீட்டுக்காரி: அது என்ன சட்டைக் காலரா? காலம் பூரா இஸ்திரிப் பெட்டி பிடிச்ச கை. எதக் கண்டாலும் தேய்ச்சுடணும்!

இஸ்திரிக்காரர்: கையத் திட்டாதடி. சட்டி காஞ்சுடுச்சான்னு தண்ணி தெளிச்சுப் பாத்துச் சொன்னது எந்தக் கை? கறிய உப்புத் தண்ணியிலேர்ந்து எடுத்து, ஈரம் போகத் துணியில ஒத்தி எடுத்தது எந்தக் கை?

வீட்டுக்காரி: சரி, சரி. அந்தக் கைக்கு மாலை போடுறேன். இப்ப கரண்டியக் கீழ வைங்க. பன்றிக்கறி நம்மள மாதிரி. அமுக்குனா வறண்டுபோயிடும்.

இஸ்திரிக்காரர்: மக வர்ற நேரமாச்சு...

வீட்டுக்காரி: வரட்டும். நல்லா வரட்டும். அண்ணனும் தங்கச்சியும் போன்லயே பேசி முடிச்சுட்டாங்களே! அப்பா அண்ணன் வீட்டுக்கு, அம்மா தங்கச்சி வீட்டுக்கு. பீரோவையும் கட்டிலையும் பங்கு போடுற மாதிரி.

இஸ்திரிக்காரர்: நீ பீரோ. நான்தான் கட்டில்.

வீட்டுக்காரி: சிரிக்காதீங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஒரு பால் சட்டி தீஞ்சதுக்கு இத்தனை பஞ்சாயத்து! 'நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க'ன்னு இன்னிக்கு அவ வாயாலயே சொல்ல வைக்கல... ஓரம் என்ன நிறம்?

இஸ்திரிக்காரர்: பெட்டி சூடு ஏறிப்போனா வெள்ளைச் சட்டையில ஒரு கறை விழுமே... அந்த நிறம்.

வீட்டுக்காரி: அதேதான். திருப்புங்க. அந்தப் பக்கமும் அப்படியே ஆகட்டும். அப்புறம் இடுக்கியால தூக்கி, கொழுப்பு ஓரத்தச் சட்டியில நிறுத்திப் பிடிங்க.

இஸ்திரிக்காரர்: நிக்க மாட்டேங்குது... சாயுது... ஆங், நின்னுடுச்சு!

வீட்டுக்காரி: உருகுற சத்தம் கேக்குது. போதும். எடுத்துத் தட்டுல வச்சு மூடுங்க.

இஸ்திரிக்காரர்: ஒண்ண மட்டும் வெட்டி, உள்ள வெந்துச்சான்னு...

வீட்டுக்காரி: கத்தியத் தொட்டீங்க... அவ்வளவுதான்! கொஞ்ச நேரம் மூடியே கிடந்தாத்தான் சாறு உள்ள தங்கும்.

இஸ்திரிக்காரர்: சரி. சட்டி அடியெல்லாம் கறுப்பா ஒட்டியிருக்கு. கழுவிட்டு சாஸ் வைக்கவா?

வீட்டுக்காரி: கழுவுனீங்கன்னா நானே உங்கள மகன் வீட்டுக்கு அனுப்பிடுவேன். அந்த ஒட்டல்லதானே ருசியே இருக்கு! வெங்காயத்தப் போடுங்க. வதங்கட்டும்... இப்ப பூண்டு.

இஸ்திரிக்காரர்: போட்டாச்சு.

வீட்டுக்காரி: தீயக் குறைங்க! குறைங்கன்னா!

இஸ்திரிக்காரர்: ஏன்டி கத்துற? பூண்டு வெள்ளையாத்தானே இருக்கு?

வீட்டுக்காரி: மேல வெள்ளை, அடியில கருகுது. வினிகர ஊத்துங்க. மரக் கரண்டியால அடியச் சுரண்டுங்க. மிளகுத்தூள், துளி சர்க்கரை... கடைசியில வெண்ணெய்.

இஸ்திரிக்காரர்: பளபளன்னு கெட்டியாகுதுடி!

வீட்டுக்காரி: தட்டுல வடிஞ்ச சாறையும் அதுலயே ஊத்திடுங்க... கதவு தட்டுறா! கரண்டிய எங்கிட்டக் குடுத்துட்டு நாற்காலியில போய் உக்காருங்க. நான் தனியாத்தான் சமைச்சேன். தெரியுதா?

இஸ்திரிக்காரர்: நான் சமைச்சேன்னு சொன்னா என்ன? எனக்கும் கொஞ்சம் பேரு...

வீட்டுக்காரி: ஏன் நீங்க சமைச்சீங்கன்னு கேப்பா. போங்க!

மகள்: அம்மா! மாடிப்படி வரைக்கும் மணக்குது! என்னப்பா, இந்த வாசனையில உக்காந்துக்கிட்டு எப்படித்தான் பொறுமையா இருக்கீங்க?

இஸ்திரிக்காரர்: ஆமா ஆமா... வாசனை பிரமாதம்.

வீட்டுக்காரி: உக்காரு. சாப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் பேசு.

மகள்: கத்தி வச்ச உடனே சாறு வருதேம்மா! நான் செஞ்சா செருப்புத் தோல் மாதிரி ஆயிடுது. இந்த சாஸ்... ஐயோ! விரலோட சேத்துத் தின்னுடுவேன் போல.

வீட்டுக்காரி: அப்ப சொல்லு. இது முடியாதவங்க சமையலா?

மகள்: யாரு சொன்னா முடியாதுன்னு? இவ்வளவு தெம்பா இருக்கிற நீ இங்க ஏன் கிடக்கணும்? எங்க வீட்டு அடுப்படி பெருசு. நீ உன் இஷ்டத்துக்கு...

வீட்டுக்காரி: ஓகோ. உனக்குச் சமையலுக்கு ஆள் தேவைப்படுதா?

மகள்: அப்படியாம்மா சொன்னேன்? வண்டி கீழ நிக்குது. துணிமணிய எடுத்து வை. அப்பாவ அண்ணன் சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போவான்.

இஸ்திரிக்காரர்: அவ வர மாட்டா.

மகள்: நீங்க சும்மா இருங்கப்பா. அம்மா, எங்க வீட்டுல உனக்குன்னு ஒதுக்குன அறைச் சுவர்ல உன் பேரன் படம் வரைஞ்சு வச்சிருக்கான். இந்தா, போன்ல பாரு.

வீட்டுக்காரி: அட! அழகா இருக்கே. நல்லா வரைஞ்சிருக்கான்.

மகள்: ...அம்மா.

வீட்டுக்காரி: என்ன?

மகள்: போன் அணைஞ்சு போச்சும்மா. திரை வெறும் கறுப்பா இருக்கு.

இஸ்திரிக்காரர்: ஜன்னல் வெளிச்சம்மா... கண்ணு கூசும்... அதான்...

வீட்டுக்காரி: விடுங்க. போதும்.

மகள்: எப்பலேர்ந்தும்மா?

வீட்டுக்காரி: கொஞ்ச நாளாச்சு. இப்ப நிழல் மட்டும்தான். டாக்டர்கிட்டயும் போயாச்சு. இனிமே பார்வை திரும்பாதாம்.

மகள்: எங்ககிட்ட ஒரு வார்த்தை... அப்ப இந்தக் கறி?

இஸ்திரிக்காரர்: நான்தான் திருப்புனேன். அவ சொல்லச் சொல்ல.

மகள்: நீங்களா! அன்னிக்கு அடுப்புப் பக்கத்துலயே உக்காந்திருந்தும் பால் தீஞ்சு சட்டியே கரியாயிடுச்சே... அந்த வாடை கூடவாப்பா தெரியல?

இஸ்திரிக்காரர்: தெரியலம்மா. அந்தக் காய்ச்சல் வந்து போனதுலேர்ந்து எனக்கு எந்த வாடையும் தெரியறதில்ல.

மகள்: கடவுளே... ரெண்டு பேரும் சேந்து...

வீட்டுக்காரி: ஆமா, சேந்துதான். அன்னிக்கு நான் அசந்து தூங்கிட்டேன், அதான் தீஞ்சுது. நான் முழிச்சிருந்தா அவருக்கு மூக்கு இருக்கு. அவரு பக்கத்துல நின்னா எனக்குக் கண்ணு இருக்கு. போ, உங்க அண்ணனுக்குப் போனப் போடு. இதுல எந்தப் பாதிய யாரு தூக்கிட்டுப் போறீங்கன்னு கேளு. கேட்டுட்டு வந்து மிச்சத்தச் சாப்பிடு, ஆறிப்போகுது.