மீனுக்கு எதுக்கு அத்தர்

எங்க வீட்டுக்காரவுக இல்லைன்னா என்ன, நான் இருக்கேன்லா. உள்ள வாங்க ஸ்வாதி, சாரல்ல நிக்காதீங்க. குத்தாலத்துக்குப் போயிருக்காக. சீசன் நேரம், ஹோட்டல்ல எல்லாம் எறா வறுத்து முடியலை. அந்தத் தலையையும் ஓட்டையும் வாரிக்கிட்டு வருவாக. ஐந்தருவி ரோட்டுல இன்னைக்கு வண்டி நகராது, சாவகாசமாத்தான் வருவாக. உக்காருங்க. டீ குடிக்கியளா?

நாத்தம் உங்களுக்குப் பழகியிருக்கும். எறாக் கழிவுல மீன் தீவனம், அதுதானே உங்க ஆராய்ச்சி. எனக்குத்தான் பழகலை. வெயிலடிச்சா மாடியில காய வைப்பாக. இப்ப மாடி எங்க காயுது? தகரத்துல பரப்பி என் அடுப்புக்கு மேல ஏத்திட்டாக. நேத்து சம்சா பொரிச்சேன், கடிச்சா எறா வாசம்.

அதுவா? இடியாப்ப உரல்தான். என்னுதுதான், எங்க வாப்பா கல்யாணத்துக்குக் குடுத்தது. எறாப் பொடி, தவிடு, புண்ணாக்கு, மரச்சீனி மாவு எல்லாம் பெசஞ்சு அதுலதான் பிழியுதாக. கத்தார்ல இருந்து லீவுல வருவாகளே, ஒரு நாளாவது எனக்கு உரலைப் பிடிச்சிருப்பாகளா? இப்ப தொட்டியில வளக்குத ஜிலேபி மீனுக்கு இடியாப்பம்!

சிரிங்க, சிரிங்க. இன்னொண்ணு சொல்லட்டா? செவ்வாக்கெழமை நீங்க வாற அன்னைக்கு அத்தர் பூசுதாக. நான் கேட்டே போட்டேன், மீனுக்கு எதுக்கு அத்தர்னு.

அய்யோ, முகம் வாடாதீங்க. நான் தப்பாச் சொல்லலை. பக்கத்து வீட்டு அலிமாதான் சொல்லுதா, ஏட்டி, அந்தக் காலேஜ் பிள்ளை வந்தா உன் மாப்பிள்ளை மூஞ்சியில டியூப்லைட்டு எரியுதுன்னு. எனக்கும் எரிஞ்சுச்சு, பொய் சொல்லலை. வேற எடத்துல எரிஞ்சுச்சு. நீங்க வந்தா நான் அடுப்படி ஜன்னலை விட்டு நகர மாட்டேன். மொதல்ல உங்களத்தான் பாத்தேன். பேன்ட்டை முட்டு வரைக்கும் மடிச்சு விட்டுட்டுத் தொட்டிக்குள்ள எறங்குதிய, வலையில அள்ளித் தராசுல வைக்கிய. பெறகு அவுகளப் பாத்தேன். நீங்க ஒவ்வொண்ணாக் கேக்கிய, எப்பம் போட்டிய, எம்புட்டுத் தின்னுச்சு, மிச்சம் கெடந்துச்சான்னு. அவுக சொல்லச் சொல்ல எழுதுதிய. நடுவுல நிறுத்தி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சிங்கிய. அவுக கையக் கட்டிக்கிட்டு நின்னு யோசிக்காக. அதப் பாத்துட்டு அன்னைக்கு எனக்குச் சோறே எறங்கலை.

நானும் உசுரத்தான் வளக்கேன். பின்னால கோழிக்கூடு இருக்கே, பாத்திருக்கியளா? பாத்திருக்க மாட்டிய. தொட்டிக்குப் போற வழியிலதான் இருக்கு.

நாட்டுக்கோழி. அவுக அனுப்புன காசு வீட்டுக்கு, கோழிக் காசு எனக்கு, அப்படித்தான் ஓடுச்சு இத்தனை வருசமும். போன சாரல்ல சீக்கு விழுந்துச்சு. வெள்ளையும் பச்சையுமாக் கழிஞ்சு, கழுத்தத் திருகிக்கிட்டு, வாயைப் பொளந்து மூச்சு வாங்குச்சு எல்லாம். ரெண்டு மூணு நாள்ல கூடு காலி. அவுக அப்பத்தான் கத்தாரை முடிச்சுட்டு ஊரோட வந்திருந்தாக. என்ன சீக்குன்னு யார்கிட்டயாவது கேளுங்களேன்னேன். கோழிதானே, குழி தோண்டிப் பொதைச்சிருன்னாக. தோண்டுனது நான்தான். மருந்து உண்டும்பாக, கண்ணுல ஒரு சொட்டு, மூக்குல ஒரு சொட்டு. வந்தது என்னன்னே தெரியாம எந்த மருந்தைச் சொட்ட? மறுபடி ரெண்டு பெட்டையை வாங்கி விட்டு, குஞ்சு பொரிச்சுப் பெருகி, இப்பத்தான் கூட்டுல சத்தம் கேக்கு.

இந்த வருசம் என்னாச்சு? ஒரே ஒரு ஜிலேபி மல்லாந்து மெதந்துச்சு. உடனே உங்களுக்குப் போன் பறக்கு. கொட்டுத மழையில வாறிய. கையுறை மாட்டுதிய, பையில போடுதிய, மேல சீட்டு ஒட்டுதிய. மசூதுன்னு அவுக பேரு, தொட்டி ரெண்டு, தேதி. ஒரு வாரத்துக்குள்ள பதிலும் வந்துட்டு, தண்ணியில காத்து கொறைஞ்சு போச்சாம். அன்னைக்கு அவுக நடையைப் பாக்கணுமே! செத்தது மீனு, ஆனா மாப்பிள்ளை நடை. எதனால செத்துச்சுன்னு வீடு தேடி வந்து ஒருத்தர் சொல்லுதாகல்லா.

அலிமாகிட்டச் சொன்னா சிரிப்பா. எனக்கு உங்க மேல பொறாமை ஒண்ணுமில்லம்மா. அவுக மேலதான்.

எங்க எந்திரிக்கிய, தொட்டிக்கா? இருங்க. காலையில அவுக போனுக்கு நீங்க பண்ணப்ப எடுத்தது யாரு? நாளைக்கு வரட்டான்னு கேட்டியல்லா, இன்னைக்கே வாங்கன்னது நான்தான். நீங்க வாறது அவுகளுக்குத் தெரியாது. உங்க காலேஜ்ல அடுத்த ரூம்ல கோழி வைரஸ் பாக்குத பிள்ளை ஒண்ணு இருக்குன்னு ஒருநாள் அவுககிட்டப் பேசிக்கிட்டிருந்திய. உமா மகேஸ்வரியா? அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. அந்தப் பிள்ளைகிட்டக் குடுத்துருங்க.

எதையா? கையுறையை மாட்டிக்கிடுங்க, பெறகு அந்தத் தெர்மாகோல் பெட்டியைத் தொறங்க. எறா இல்ல. கருப்புப் பெட்டை. விடிய நேரம் செத்துச்சு. ரெண்டு பையில சுத்தி ஐஸுக்கு நடுவுல வச்சிருக்கேன். இன்னும் ரெண்டு றெக்கையைத் தொங்கப் போட்டு நிக்கு, அதைத் தனியா அடைச்சுட்டேன். மத்தது இரை எடுக்கு, இப்பம் வரைக்கும்.

பதிலு வந்தா அவுக நம்பருக்குப் பண்ண வேண்டாம், எனக்குப் பண்ணுங்க. நம்பர் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க.

சீட்டுல என்ன பேரா? என் பேருதான், கோழி என்னுதுல்லா.

ஷரீபுன்னிசா. நீட்டமாத்தான் இருக்கும். முழுசா எழுதுங்க.