கூடுதலாக ஒரு வரி

இரவு மணி இரண்டு பத்து. ஊரைத் தாண்டிப் பதினான்காவது மைல். விளக்குக் கம்பம் கிடையாது. வீடு கிடையாது. ஒரு சின்னப் பாலம்... கீழே அசையாத தண்ணீர். பாலத்தின் மேல் ஓர் ஆம்புலன்ஸ், நீல விளக்கு சுற்றச் சுற்ற நிற்கிறது.

டிரைவர் இறங்கி டார்ச் அடித்துப் பார்க்கிறார். இந்தப் பக்கம் யாரும் இல்லை. அந்தப் பக்கமும் இல்லை. வயர்லெஸ்ஸை எடுத்தார்.

“எந்த மகராசன் கூப்பிட்டது? இங்க ஒரு தவளை கூட இல்லையே!”

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறையுங்கள். சத்தம் கேட்க வேண்டிய கதை இது. சோடாபுட்டி, நீ கதவோரம் உட்காராதே, நடுவில் வா.

நடந்தது நம் சோடாபுட்டியின் அக்கா வீட்டுக்காரருக்கு. அவன் ‘அத்தான்’ என்பான். நமக்கும் அத்தான் என்றே இருக்கட்டும். பொய்யென்று சிரிப்பவர்கள் முதலில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

அத்தானுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் டேட்டாபேஸ் வேலை. மூன்று வருடமாகத் தற்காலிகம். இதோ நிரந்தரம், அதோ நிரந்தரம் என்று இழுத்துக்கொண்டே இருந்தார் மேலாளர். கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார். “அழைப்பு டேபிளைப் புது எஞ்சினுக்கு மாத்து. காலைல ஆறு மணிக்கு வருவேன். பழைய எண்ணிக்கையும் புது எண்ணிக்கையும் ஒண்ணா இருந்தா ஆர்டர்ல கையெழுத்து. இல்லன்னா... வேற இடம் பாத்துக்கோ.”

எஞ்சின் என்றதும் வண்டி எஞ்சின் என்று நினைக்காதீர்கள். விவரங்களை டேட்டாபேஸ் எப்படி எழுதி வைக்கிறதோ, அந்த உள்வேலைக்குத்தான் எஞ்சின் என்று பெயர். டேபிள் என்பது அழைப்புகளை வரி வரியாக எழுதி வைத்த பட்டியல். பழைய எஞ்சினில் ஒரு சங்கடம். ஒருவர் டேபிளில் கை வைத்தால் மொத்த டேபிளும் பூட்டிக்கொள்ளும். மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். புதியது அப்படியில்லை, தொட்ட வரியை மட்டும் பூட்டும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. மொத்தம் எத்தனை வரி என்று கேட்டால் பழையது அட்டையில் எழுதி வைத்ததைப் படித்துச் சொல்லும். புதியது ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும்.

ஒன்றரை மணிக்கு மாற்றினார். பழைய டேபிளைப் பூட்டி வைத்துவிட்டு அதுவரை வந்த அழைப்புகளை எண்ணினார்.

பழையது: 61,418.

புதியது: 61,419.

பல்லைக் கடித்தார் அத்தான். பழையதின் அட்டை எண் தப்போ? பழுது பார்க்கும் கட்டளையைக் கொடுத்தார். பழுதே இல்லை என்றது. புதியதை அழித்துவிட்டு மறுபடி நகலெடுத்தார். இருபது நிமிடம் நகம் கடித்துக்கொண்டு காத்திருந்தார். 61,419. எல்லாவற்றையும் கோப்பாக இறக்கி, வேறு கணினியில் ஏற்றினார். 61,419. வைத்தியம் பார்க்கப் பார்க்க நோய் குண்டாகிறதே என்று விசைப்பலகையை ஒரு குத்து.

“தம்பி, அது அரசாங்கச் சொத்து. மெதுவா குத்துங்க,” என்றார் எதிர் மேசை அக்கா. அழைப்புகளை எடுத்து எழுதுவது அவர் வேலை. அன்று இரவு அறையில் இருந்தது அவர்கள் இரண்டே பேர்.

மூன்று மணிக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, கூடுதல் வரியைப் பிடித்தார். ஏழு மாதம் முந்தைய தேதி. நேரம் இரண்டு பத்து. இடம், பதினான்காவது மைல் பாலம். கூப்பிட்டவர் எண் காலி. வண்டி போய்ச் சேர்ந்த நேரம்... காலி.

போய்ச் சேர்ந்த நேரம் காலியாக இருந்தால், ‘யாரோ காத்திருக்கிறார்’ என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கும் வண்டியைக் கணினியே அனுப்பிவிடும். அதனால்தான் நான்காம் எண் வண்டி பாலத்தில் போய் நின்றது.

அந்த வரியை அழித்தார். எண்ணிக்கை சரியாகிவிட்டது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்த முதுகு நிமிர்வதற்குள் மறுபடி 61,419.

புதிய எஞ்சினில் எந்த மாற்றத்தையும் உறுதி செய்யும் கட்டளை ஒன்று உண்டு. அதைக் கொடுக்காவிட்டால் அழித்தது திரும்பி வந்துவிடும். அதை மறந்தோமா? மறக்கவில்லை. இருந்தாலும் அழித்து, உறுதி செய்து, திரையைக் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டார். வரி திரும்பி வந்தது. வயர்லெஸ்ஸும் கத்தியது.

“சார்! மறுபடியும் அதே பாலத்துக்குப் போகச் சொல்லுது! உங்களுக்குத் தூக்கம் வரலன்னா என்னை வெச்சு விளையாடுவீங்களா?”

“ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துருங்கண்ணே...”

“பாத்துட்டு வர அங்க என்ன, பொண்ணா இருக்கு?”

போனார். யாரும் இல்லை. திரும்பினார்.

அப்போதுதான் அத்தான் கவனித்தார். எப்போதும் வாய் ஓயாத அக்கா, அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

“தம்பி... இது நான் அடிச்ச வரி.”

“அப்ப பழைய டேபிள்ல ஏன் இல்ல?”

“சேவ் ஆகலையே! ஒரு ஆளு கூப்பிட்டாரு. பாலத்துலேருந்து கார் கவுந்து தண்ணிக்குள்ள கிடக்கு, மேல வர முடியலன்னாரு. குரலுக்கு நடுவுல தண்ணி சத்தம்... களுக் களுக்குன்னு. நான் அடிச்சேன். திரை அப்படியே உறைஞ்சு போச்சு. யாரோ மாசாந்திர ரிப்போர்ட்ட ஓட விட்டிருக்காங்க, மொத்த டேபிளும் பூட்டிக்கிச்சு. பதினோரு நிமிஷம்! அப்புறம் லைனும் இல்ல, நான் அடிச்சதும் இல்ல. வெளிய சொல்லாதேன்னுட்டாங்க.”

அத்தான் திரையில் இருந்த தேதியைப் பார்த்தார். பகலில் ஓட்டினால் எல்லோரும் திட்டுவார்கள் என்று அந்த ரிப்போர்ட்டை இரவு இரண்டு மணிக்கு ஓட வைத்தது யார் என்று அவருக்குத் தெரியும். சோடாபுட்டியின் அக்காவிடம் கூட அவர் வெகு நாள் சொல்லவில்லை.

பயம் ஒரு பக்கம். ஆறு மணி ஒரு பக்கம். ஆறு மணிதான் ஜெயித்தது.

நான்கு நாற்பது. நான்காம் வண்டி மூன்றாம் முறையாகப் பாலத்தில். டிரைவர் வாயில் வந்ததையெல்லாம் திட்டி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அத்தான் சொன்னார்.

“அண்ணே, பின்கதவைத் திறங்க. ரெண்டு நிமிஷம் நில்லுங்க. மூடிட்டு, ‘ஆளை ஏத்தியாச்சு’ பட்டனை அமுக்குங்க. கணக்கு முடிஞ்சிரும். நம்ம தொல்லையும் முடிஞ்சிரும்.”

வண்டிக்காரர்கள் எல்லோரும் செய்கிற தில்லுமுல்லுதான். பொய் அழைப்பு வந்தால் இப்படி அமுக்கி முடித்துவிடுவார்கள். டிரைவரும் திறந்தார். இரண்டு நிமிடம் நின்றார். மூடினார். அமுக்கினார்.

திரையில் அந்த வரி பச்சையானது. அத்தான் அழித்துப் பார்க்க நினைத்தார்... கை போகவில்லை.

ஐந்து மைல் தள்ளி டிரைவரின் குரல். இந்த முறை கோபமே இல்லை. மிகவும் மெதுவாக வந்தது.

“தம்பி... வண்டி இழுக்க மாட்டேங்குது. பாரம் ஏறின மாதிரி. சேத்து நாத்தம் வேற... பழைய தண்ணி நாத்தம்.”

“ஜன்னலைத் திறந்துக்கோங்கண்ணே.”

“திறந்துதான் இருக்கு.” வயர்லெஸ்ஸில் வண்டி எஞ்சின் முக்கும் சத்தம். “கண்ணாடில பாத்தேன். ஸ்ட்ரெச்சர்ல மூணு பெல்ட்டு தொங்கிட்டுக் கிடந்துச்சில்ல... மூணும் மாட்டியிருக்கு. கால்ல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, மார்ல ஒண்ணு. தட்டையா இல்ல தம்பி. உப்பி நிக்குது. உள்ள ஆள் படுத்திருந்தா எப்படி நிக்கும்... அப்படி.”

“யாராவது இருக்காங்களா?”

“பெல்ட்டு மட்டும்தான் இருக்கு.”

வண்டியை ஓரம் கட்டிவிட்டார். பின்கதவைத் திறக்கச் சொன்னால் மாட்டேன் என்றார். ‘இறக்கியாச்சு’ பட்டன் பின்கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம், அதனால் அதையும் அமுக்க மாட்டாராம். வேலையே போனாலும் சரியாம்.

ஐந்து நாற்பது. எண்ணிக்கை இன்னும் ஒன்று உதைக்கிறது. மேலாளர் வீட்டைவிட்டுக் கிளம்பியிருப்பார்.

முடிந்த அழைப்பை அழித்தால் திரும்பி வராது என்று நம்பி, அத்தான் செய்யக் கூடாததைச் செய்தார். டேட்டாபேஸில் நேராக நுழைந்து, இறக்கிய நேரத்தைத் தன் கையாலேயே எழுதினார். வாங்க மாட்டேன் என்றது. இறக்கிய இடம் காலியாக இருக்கிறதாம். பழைய அமைப்பு காலியாக விட்டாலும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளும். புதியதைக் கறாராக இருக்கச் சொல்லி வைத்தவர் அவரே. எந்த ஆஸ்பத்திரியின் குறியீடும் அந்த நேரத்துக்கு நினைவுக்கு வரவில்லை. மனப்பாடமாக இருந்தது ஒன்றுதான். ஒவ்வொரு சோதனைக்கும் அவர் அடித்து அடித்துப் பழகிய குறியீடு.

அவர் உட்கார்ந்திருந்த அதே கட்டுப்பாட்டு அறையின் குறியீடு.

அடித்தார். உறுதி செய்தார்.

வயர்லெஸ் திறந்தே இருந்தது. டிரைவர் மூச்சு விடுவது கேட்டது. அதற்குப் பின்னால்...

டக்.

டக்.

கொஞ்சம் இடைவெளி விட்டு... டக்.

“தம்பி,” என்றார் டிரைவர். “பாரம் இறங்கிருச்சு.”

அத்தான் எண்ணிப் பார்த்தார். புதியது 61,419. பழையது... பூட்டி வைத்த டேபிள், யாரும் எழுத முடியாத டேபிள்... 61,419.

ஆறு மணிக்கு மேலாளர் வந்தார். இரண்டு எண்களையும் பார்த்தார். “சபாஷ்! நல்ல வேலை,” என்று ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். “என்னய்யா இது, தரையெல்லாம் ஈரம்? ஏசி ஒழுகுதா?” என்று கேட்டுக்கொண்டே போய்விட்டார். அக்கா பையை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறினார்.

அத்தான் மட்டும் இருந்தார். கையில் மூன்று வருடம் காத்திருந்த காகிதம். சேற்று வாடை. பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. நம் ஆபீஸில் இருப்பது போல்தான், காற்றடைத்த தண்டு, யாராவது உட்கார்ந்தால் தாழும், எழுந்தால் மேலே வரும்.

அது அவர் பக்கமாக மெதுவாகத் திரும்பியது.

புஸ்ஸ்ஸ்... என்று தாழ்ந்தது. ஓர் ஆள் பாரத்துக்கு.

அத்தான் நிரந்தரமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் அதே மேசையில்தான் வேலை. அந்த நாற்காலி இன்னும் மேலே வரவில்லை.