இடது பெடல்

— சாயங்காலம் அவரு வந்தா சாவிய நீங்களே குடுத்துடுங்க டெய்லரே. நான் உள்ள ரூம்ல படுத்துக்கறேன்.

— அதெப்படி? காரு வாங்குற மனுஷன் நாலு கேள்வி கேப்பாரு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அதோட ரெண்டு சீட்டு. அத நான்தான் தச்சேன். எஞ்சின் உன் சமாச்சாரம் மேஸ்திரி.

— அப்ப நான் சொல்றத அப்படியே ஒப்பிச்சுடுங்க. கிளட்ச் ரொம்ப மேல வந்துதான் கடிக்கும். முக்கால்வாசி காலை எடுத்தாச்சு, இன்னும் வண்டி நகரலயேன்னு பதறக் கூடாது.

— கடிக்கும்னா?

— எஞ்சினும் சக்கரமும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கற இடம். அத கண்ணால பார்க்க முடியாது. காலுக்குத்தான் தெரியும்.

— சரி. அப்புறம்?

— அப்புறம்தான் இருக்கு இதோட பெரிய குணக்கேடு. கியர் மாத்த கிளட்ச மிதிச்சு ஆக்சிலரேட்டரை விட்டா, எஞ்சின் சத்தம் தானா இறங்கணும். ஊர்ல எல்லா வண்டியும் இறங்கும். இது இறங்காது. எஞ்சின் வேகத்தைக் காட்டுற ஊசி மேலயே ஒரு மூச்சு நேரம் நிக்கும். அதுக்குள்ள அவசரப்பட்டு கிளட்ச விட்டா வண்டி எகிறும். வாங்குனவரு மூக்கு ஸ்டியரிங்ல போய் இடிக்கும்.

— ஊரான் வண்டியெல்லாம் சரி பண்ணின. இத மட்டும் ஏன் விட்டுவச்ச?

— விட்டுவைக்கல. கேபிளை மாத்தினேன். காத்து கசியுதான்னு ஒவ்வொரு குழாயா கழட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. அந்த ஒரு மூச்சு எனக்குப் பிடிச்சே போச்சு.

— அந்த நேரத்துல என்ன பண்ணுவ?

— என்ன பண்ண? காத்திருப்பேன். அடுத்த வளைவு வரும். உங்க மூஞ்சி ஞாபகம் வரும். வீட்ல அரிசி இருக்கான்னு தோணும். அதுக்குள்ள ஊசி இறங்கிடும். போதுமா? சும்மா தோண்டாதீங்க.

— பொறு பொறு. இவ்ளோத்தையும் நான் எப்படி ஞாபகம் வச்சுக்கறது? ஷெட்டுக்கு வா. ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அந்தச் சத்தத்தக் காட்டிடு.

— வேணாம்.

— சும்மா உட்கார்ந்துதான...

— கடைசியா உட்கார்ந்தப்ப என்ன ஆச்சு? புதுக் காலு மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்த வாரம். பெடல் மேல அத வச்சேன். வச்சிருக்கேனா இல்லையான்னே தெரியல. குனிஞ்சு குனிஞ்சு பார்த்து மிதிக்க வேண்டியதாப் போச்சு. வழுக்கிச்சு. வண்டி பாய்ஞ்சு சுவத்துல முட்டுச்சு.

— சுவத்துக்கு ஒண்ணும் ஆகல. பம்பர்ல ஒரு கீறல், அவ்ளோதான்.

— எனக்கு ஆச்சு டெய்லரே. மலைப்பாதைப் போட்டியில அத்தனை வருஷம் ஓட்டினேன், ஒரு சிராய்ப்பு கிடையாது. ரோட்டோரமா நடந்து போனவள ரிவர்ஸ்ல வந்த லாரி தள்ளி, இடது காலை முட்டிக்கு மேலயே எடுக்க வேண்டியதாச்சு. அதக்கூட தாங்கிக்கிட்டேன். இந்த வண்டி தினம் ஷெட்டுல நிக்குறதத்தான் தாங்க முடியல. காலையில ஜன்னலைத் திறந்தா பெட்ரோல் வாசனை வருது. கை தானா கியர் ராடைத் தேடுது. சமைக்கறப்ப கரண்டியப் பிடிச்சுக்கிட்டு மூணாவதுக்குத் தள்றேன். பைத்தியம் மாதிரி இருக்கு.

— கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கிக்கலாம்னு சொன்னேன்ல.

— அது ஓட்டறது இல்ல. உட்கார்ந்து போறது.

— சரி. எனக்காக ஒரு தடவை. போகப் போற வண்டி. ஒரு வார்த்தை சொல்லிட்டாவது அனுப்பு.

— ...ஊன்றுகோல எடுங்க.

— பார்த்து, கீழ ஜாக்கி கிடக்கு. கையக் குடு. தலையக் குனி.

— எவ்ளோ தாழ்வு இது. காலை நீங்க தூக்கி உள்ள வைங்க. ஆங், அப்படித்தான்.

— சீட்டப் பாரு. ரெட்டைத் தையல். ஒரு நூல் பிரியல.

— இதத் தைக்க வந்த சாக்குலதான என்னையும் மடக்கிட்டீங்க.

— யாரு? அளவு சரியில்ல, அளவு சரியில்லன்னு என்னைத் திரும்பத் திரும்பப் பட்டறைக்குக் கூப்பிட்ட மேஸ்திரி யாரு?

— சரி சரி. நியூட்ரல்ல இருக்கு. ஸ்டார்ட் பண்றேன்... கேளுங்க. இப்ப முறுக்கறேன். இதோ வலது காலை எடுத்துட்டேன். ஊசி மேலயே நிக்குது பாருங்க. இன்னும் நிக்குது. இப்பத்தான் மனசு வந்து இறங்குது.

— உன் மூஞ்சிய கண்ணாடியில பாரு.

— அணைச்சுடறேன்.

— பொறு பொறு. நான் இந்தப் பக்கம் ஏறிக்கறேன். ம். முதல் கியர் போடு.

— கிளட்ச் யாரு மிதிப்பா? எங்க மாமியாரா?

— எங்கம்மாவுக்கு முட்டி வலி. நான் மிதிக்கறேன். இங்க என் காலுக்குக் கீழ பாரு.

— என்னது இது?

— டிரைவிங் ஸ்கூல் வண்டியில சொல்லிக் குடுக்கறவர் பக்கம் ஒரு கிளட்ச் பெடல் இருக்குமே, அது. உன் பட்டறை வழுக்கையண்ணன் ஒரு உடைசல் வண்டியிலேருந்து கழட்டி மாட்டிக் குடுத்தாரு. நீ நடைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போயிருந்தப்ப.

— என்னைக் கேக்காம என் வண்டியில ஓட்டை போட்டீங்களா?

— கேட்டா வேணாம்ப.

— வித்தாச்சு டெய்லரே. பேசி முடிச்சாச்சு.

— சாவி குடுக்கற வரைக்கும் உன் வண்டிதான்.

— உங்களுக்கு சைக்கிளத் தவிர ஒண்ணும் ஓட்டத் தெரியாது.

— வண்டி தெரியாது. பெடல் தெரியும். நாள் பூரா மெஷின்ல தோல் தைக்கறேன். ஒரு பொட்டு அதிகமா அழுத்தினா ஊசி விரல்ல ஏறிடும். என் விரலெல்லாம் எண்ணிப் பாரு, அப்படியே இருக்கு.

— ...மிதிங்கன்னா முழுசா மிதிக்கணும். விடுங்கன்னா மெதுவா. சொல்றதுக்கு முன்னாடி காலு அசையக் கூடாது.

— உத்தரவு மேஸ்திரி.

— மிதிங்க. போட்டாச்சு. விடுங்க, மெதுவா, மெதுவா...

— நின்னு போச்சே.

— செருப்பக் கழட்டற மாதிரி உதறினா நிக்காம? மறுபடி மிதிங்க. ஸ்டார்ட் பண்ணிட்டேன். விடுங்க. இன்னும் மேல. இன்னும். அங்கதான். அங்கயே பிடிங்க. இப்ப முழுசா எடுங்க.

— போகுது. மேஸ்திரி, வண்டி போகுது.

— தெரியுது. நான்தான் ஸ்டியரிங் பிடிச்சிருக்கேன். தெருமுனை வந்துடுச்சு, மிதிங்க. ரெண்டாவது. விடாதீங்க. ஊசி மேலயே நிக்குது. பொறுங்க. இப்ப.

— எகிறவே இல்ல.

— எகிறாது. நல்லாத்தான் விட்டீங்க.

— தபால்காரர் சைக்கிள நிறுத்திட்டுப் பார்க்கறாரு. ஒரு வண்டிய ரெண்டு பேரு ஓட்டறத எங்க பார்த்திருப்பாரு பாவம்.

— கிடங்குக்குப் பின்னாடி நீட்டு ரோடு காலியா இருக்கும். மிதிங்க. மூணாவது. பொறுங்க... விடுங்க.

— என்ன மேஸ்திரி? அழறியா?

— ரோட்டப் பார்க்கறேன். ஜன்னல இறக்கி விடுங்க. காத்து வரட்டும்.

— போன் அடிக்குது. வண்டி வாங்குறவருதான். வீட்டுக்கு வந்துட்டாரு போல.

— வந்துடறோம்னு சொல்லுங்க.

— திரும்பணுமா?

— திரும்பணும். நீங்க வேலைய விட்டுட்டு தினம் என் பக்கத்துல உட்கார்ந்து காலு ஆட்டிக்கிட்டு இருக்க முடியுமா? ஒரு தடவை ஓட்டிட்டேன். அது போதும்னு வச்சுக்கறேன். நல்லா ஓட்டறவர் கையில போகட்டும்.

— நீ சொன்னா சரி.

— மிதிங்க. ரெண்டாவதுக்கு இறக்கறேன். விடுங்க.

— விட்டாச்சு.

— இன்னொரு தடவை மிதிங்க.

— இப்பவா? கியர் மாத்தலயே.

— மாத்தல. சும்மா மிதிங்க. மெதுவா... இப்ப விடுங்க. கடைசி வரைக்கும்.

— பயமுறுத்தாத. என்ன பண்ணுது? புதுக் காலோட பட்டி தொடையில உறுத்துதா? வலிக்குதா?

— வலி இல்ல டெய்லரே. நீங்க அழுத்தறப்பெல்லாம், வெட்டி எடுத்த அந்தக் காலோட பாதத்துல எனக்குப் பெடல் படுது.