துரையின் நாய்க்கு இடம் இருந்தது

ஓடுகிறோம். வாப்பா ஒரு கையில் என்னை இழுக்கிறார். மறுகையில் என் அக்கா, ராத்தா ஜமீலா. உம்மா பின்னால். பள்ளிவாசல் சாலை முழுவதும் புகை. தலைக்கு மேல் உறுமல். பிறகு நீளமாக ஒரு சீழ்க்கை. பிறகு தரை எங்களைத் தூக்கிப் போடுகிறது.

“படுங்க! கீழ படுங்க!” யாரோ கத்துகிறார்.

1941 டிசம்பர். வியாழக்கிழமை. பகல். எனக்கு எட்டு வயது. சற்று முன்புவரை எங்கள் மலாய்த் தீவின் ஜார்ஜ் டவுனே தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தது. நம்ம விமானம் என்று கைதட்டினோம். நம்ம விமானமாம்! ஜப்பான்காரனைத் தடுக்க வெள்ளைக்காரனிடம் எதுவும் மிச்சமில்லை. அது அவனுக்குத் தெரியும். எங்களிடம் சொல்லவில்லை.

அன்று நால்வரும் பிழைத்தோம். ஊருக்கு வெளியே கெலுகோரில் மாமா வீடு இருந்தது. அங்கே போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வாப்பா ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டியவர். ஊரை விட்டுப் போகாதே, கப்பலில் உன் குடும்பத்துக்கும் இடம் உண்டு என்றார் துரை. வாப்பாவுக்கு அது வேதவாக்கு. தங்கினோம்.

ஒரு சாயங்காலம் துறைமுகம். மூட்டையோடு நிற்கிறோம். துரை ஏறினார். துரைசானி ஏறினார். அவர்கள் வளர்த்த நாய் ஏறியது. எங்களைச் சிப்பாய் மறித்தான். துரை திரும்பிப் பார்த்தார். காரைப் பத்திரமாக வைத்திரு என்றார். அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் நன்றியுள்ளது நாய் மட்டும்தான். எங்களைப் பார்த்து வாலாட்டியது.

மறுநாள் காலை. குழாயில் தண்ணீர் இல்லை. வாப்பாவும் நானும் வாளியோடு பள்ளிவாசலுக்குப் போனோம். மீண்டும் சீழ்க்கை. திரும்பி வந்தபோது வீடு இல்லை. செங்கல் இருந்தது. உம்மாவை எடுத்தோம். சோறாக்கக் கொண்டுவந்த தண்ணீரில்தான் வாப்பா உம்மாவைக் குளிப்பாட்டினார். ராத்தாவைத் தோண்டித் தோண்டித் தேடினோம்.

அல்லாஹ் ஏன் இப்படிச் செய்தான் என்று வாப்பாவிடம் கேட்டேன்.

“அல்லா நல்லவன்டா. துரைதான் பொய்யன். நான்தான் ரெண்டு பேரையும் ஒரே மாதிரி நம்பிட்டேன்.”

சொல்லிவிட்டுத் தொழ நின்றார். அழுதுகொண்டே தொழுதார். இன்னுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

சண்டை முடிந்தது. துரை திரும்பி வந்தார். நன்றாகக் கொழுத்திருந்தார். நாங்கள் ஒண்டியிருந்த வீட்டு வாசலில் நின்று அவர் கேட்ட முதல் கேள்வி, கார் எங்கே? ஜப்பான்காரன் எப்போதோ பிடுங்கிக்கொண்டு போயிருந்தான். வாப்பா அதைச் சொல்லவில்லை. தமிழிலேயே பேசினார். துரைக்குப் புரிகிறதா என்று கவலைப்படவும் இல்லை.

“என் பொஞ்சாதி மையவாடியில, மண்ணுக்குள்ள இருக்கா. மக எங்கன்னே தெரியல. அவங்கள யார்கிட்ட கேக்கணும்னு எனக்குத் தெரியும். கார நீங்க யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுக்குங்க.”

பிறகு அஸர் தொழப் போய்விட்டார். துரை வாசலில் நின்றார். அவர் யாருக்காகவும் காத்து நின்று நான் பார்த்தது அன்றுதான். என் ஆத்திரம் அல்லாஹ்வை விட்டு, போகவேண்டிய இடத்துக்குப் போனது.

எனக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. அதே சாலையில் காபிக்கடை வைத்திருக்கும் தம்பி, துரைமார் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறான். அந்தக் காலமே தனி லா தாத்தா என்று இந்த ஊர் ‘லா’ போட்டுச் சொல்கிறான். தனிதான். எங்களைத் தனியே விட்டுவிட்டு ஓடிய காலம்.

மறக்கமாட்டீர்கள் என்றால் குறித்துக்கொள்ளுங்கள். இழந்தவை இவை. வீடு. துரைமார் வாக்கில் வைத்த நம்பிக்கை. அது தொலைந்ததே நல்லது. உம்மா மைமூன். ராத்தா ஜமீலா, பதினொரு வயது, மையித்துகூடக் கிடைக்கவில்லை. அல்லாஹ்வை இழக்கவில்லை.