பலாமரத்து எபிசோடு

லூர்துமேரி: நிறுத்துங்க மதினி, செத்த நிறுத்துங்க. அந்தப் பொம்பளைக்கு உங்க மூக்குத்திய அப்படியே போட்டு விட்டிருக்காக.

ஜெயராணி: மூக்குத்தி ஊருக்கே பொது. லிப்ஸ்டிக்கப் பாரு. புருசனக் கொல்லப் போறவ அதப் போட்டுக்கிட்டா போவா?

லூர்துமேரி: சிரிக்காதீங்க. சீரிஸு வந்ததுலேர்ந்து ஊரே உங்கள வச்சுத்தான் சிரிக்குது.

ஜெயராணி: எங்க சிரிக்கிறாக? ஒங்கண்ணன் செத்து ஒம்பது வருசமா என்னையப் பாவமேன்னு பாத்தாக. இப்பப் பயந்து பாக்குறாக. நேத்து ஆலங்குடி பஸ்ஸுல ஒரு ஆளு எந்திரிச்சு எனக்கு சீட்டு விட்டாரு.

லூர்துமேரி: பயத்துல விட்டிருப்பாரு.

ஜெயராணி: எதுல விட்டா என்ன. உக்காந்துதானே வந்தேன்.

லூர்துமேரி: எல்லாம் அந்த ரகுநாத் வாத்தியாரு பண்ணுன வேலை. ரெண்டு வருசம் நம்ம ஊரு பள்ளிக்கூடத்துல வேலை பாத்தாரு. இந்த வீட்டுப் பலாச்சுளைய டிபன் பாக்ஸ் டிபன் பாக்ஸா வாங்கித் தின்னாரு. தின்னுட்டு மெட்ராஸுக்குப் போயி... 'பலாப்பழத்தத் தள்ளிவிட்டுப் புருசனக் கொன்னா'ன்னு நாவல் எழுதுவாராக்கும்?

ஜெயராணி: பாவம், அவரு நாவல்ல ஒரு கொலைதான். டிவிக்காரக அதை அஞ்சாக்கிட்டாக.

லூர்துமேரி: அஞ்சா?

ஜெயராணி: நீ ரெண்டாவது எபிசோடுலயே நிக்கிற. நான் ஜெனிபரு போன்ல எட்டையும் பாத்துட்டேன். தலையாரிய தேங்காயால கொல்லுறா. கொழுந்தனப் பூசணிக்காயால.

லூர்துமேரி: பூசணிக்காயால... எப்படி மதினி?

ஜெயராணி: அதான் எனக்கும் வெளங்கல. ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன்.

லூர்துமேரி: அதுல... நாத்தனா வாராளா?

ஜெயராணி: வாரா. ஊமை.

லூர்துமேரி: ஊமையா?

ஜெயராணி: எட்டு எபிசோடும் மொறத்தக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறா. ஒன்னையத் தெரிஞ்சவுக எழுதுன மாதிரியே இல்ல.

லூர்துமேரி: வெளையாட்டுப் பேச்ச விடுங்க. யூடியூப்காரரு பிரசாந்து பதினோரு மணிக்கு இங்கிட்டு வாராரு. கேமராவோட.

ஜெயராணி: அவர யாரு வரச் சொன்னா?

லூர்துமேரி: நான்தான்.

ஜெயராணி: ...நீயா?

லூர்துமேரி: பின்ன எம்புட்டு நாளைக்கு வாய மூடிக்கிட்டு இருக்க? ஒங்க மகளுக்குப் பேசி வச்ச சம்பந்தம் என்ன ஆச்சு? 'கொஞ்ச நாள் போகட்டும்'னுட்டாக மாப்ள வீட்டுல. எத்தன எபிசோடு போகட்டும்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு.

ஜெயராணி: ஜெனிபரு கவலப்படல. டீச்சர் வேல இருக்கு. அவங்கப்பன் இருந்திருந்தா அதுவும் கெடையாது.

லூர்துமேரி: அதுக்காக? கொலகாரி மகள்னு பேரு எடுக்கணுமா? நான் உண்மையச் சொல்லப் போறேன்.

ஜெயராணி: என்ன பெரிய உண்மை? போலீசே தற்செயல்னு எழுதி மூடிட்டாக.

லூர்துமேரி: போலீசு எழுதுனத யாரு படிச்சா? இதைத்தான் நாடே பாக்குது.

ஜெயராணி: ...காபி போடவா?

லூர்துமேரி: வேணாம். இங்க பாருங்க, இந்த எடம். குடிச்சுட்டுத் தூங்குறவனக் கட்டிலோட பலாமரத்தடிக்கு அவளே இழுத்துட்டுப் போறா.

ஜெயராணி: ஒத்தையில. தொண்ணூறு கிலோ ஆள. அவ கையப் பாரு, முருங்கக்காய் மாதிரி.

லூர்துமேரி: மதினி... நீங்க இழுக்கலைன்னு எனக்குத் தெரியும்.

ஜெயராணி: தெரிஞ்சா சரி.

லூர்துமேரி: நான்தான் இழுத்தேன்.

ஜெயராணி: எத இழுத்த?

லூர்துமேரி: அன்னைக்கு ஞாயித்துக்கெழம. நீங்களும் ஜெனிபரும் பூசைக்குப் போயிட்டீங்க. நான் எதுத்த வீட்டுலேர்ந்து அண்ணனுக்கு இட்லி கொண்டாந்தேன். காலையிலயே குடிச்சுட்டு வேப்பமரத்தடியில கட்டில்ல கெடந்தாரு. வெயிலு மூஞ்சியில அடிக்குதுன்னு ஒரே ஏச்சு. எந்திரிச்சு நில்லுங்கன்னு சொல்லி, கட்டில பலாமரத்தடிக்கு இழுத்துப் போட்டுட்டுத் திரும்புனேன். என் வீட்டு வாசல்ல கால வைக்கல... சத்தம் கேட்டுச்சு.

ஜெயராணி: இத நீ யார்ட்டயும்...

லூர்துமேரி: பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்டச் சொன்னேன். நெழலுக்குப் போட்டது பாவமில்லன்னாரு. அவரு சொல்லிட்டாரு, தூக்கம் வரணுமே. உங்களப் போட்டு அடிச்ச மனுசன்தான்... காலேஜுக்குப் போகக் கூடாதுன்னு பெத்த மகளப் பூட்டி வச்ச மனுசன்தான். இருந்தாலும் கூடப் பொறந்தவருல்ல.

ஜெயராணி: ஒம்பது வருசமாவா லூர்து... இத மனசுல வச்சுக்கிட்டு எங்கூடச் சோறு தின்ன?

லூர்துமேரி: நீங்க வெறுத்துருவீகன்னு பயம். இப்பச் சொல்லித்தான ஆகணும். கட்டில நகத்துனது தங்கச்சி. பொண்டாட்டி கோயில்ல இருந்தா. பழம் தானா விழுந்துச்சு. அம்புட்டுத்தான். உங்க பேரும் சுத்தமாயிரும், ஜெனிபருக்கும்...

ஜெயராணி: வேணாம்.

லூர்துமேரி: ஏன்?

ஜெயராணி: அந்தாளுக்குப் போனப் போடு. வர வேணாம்னு சொல்லு.

லூர்துமேரி: என்னைய ஏசுவாகன்னு பாக்குறீங்களா? ஏசட்டும். எனக்குப் பயமில்ல.

ஜெயராணி: எனக்கு இருக்கு. அவரு ஒரு கேள்வியோட போவாரா? கட்டிலு வேம்படிக்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பாரு.

லூர்துமேரி: கேட்டா என்ன. அண்ணன்தான்...

ஜெயராணி: ஒங்கண்ணன் என்னைக்காவது வேம்படியில படுத்திருக்காரா? பலாமரத்தடிய விட்டு நகண்டிருக்காரா?

லூர்துமேரி: இல்ல... இல்லதான். அன்னைக்கு மட்டும் எப்படி... மதினி?

ஜெயராணி: மொதல்ல அந்தாளுக்குப் போனப் போடு.

லூர்துமேரி: மதினி. என்னையப் பாத்துச் சொல்லுங்க.

ஜெயராணி: அந்தப் பெரிய பழத்துக்குச் சாக்கு வச்சுக் கட்டியிருந்த கயிறு மக்கி அறுந்துருச்சுன்னு போலீசு எழுதுனாகல்ல... அது மக்கல லூர்து. விடியக்காலம், அவரு உள்ள தூங்கயில, ஏணி வச்சு ஏறி நான்தான் அவுத்தேன், பழம் வெறும் காம்புல தொங்குச்சு. கீழ எறங்குனதும் இந்தப் பாவம் நமக்கு வேணாம்னு தோணிருச்சு. திரும்ப ஏறிக் கட்டத் தெம்பில்ல. பூசை முடிஞ்சு வந்து கட்டிக்கலாம்னு, கட்டில மட்டும் வேம்படிக்கு இழுத்துப் போட்டுட்டுப் போனேன்... நீ அங்கிட்டு நெழலு பாத்துக்கிட்டு இருந்த நேரத்துல நான் முழங்கால்ல நின்னு, ஒங்கண்ணனக் காப்பாத்திட்டேன்னு மாதாவுக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருந்தேன்.