வேறு ஊர் சென்றதால் நீக்கம்

— இந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துடுங்க, கலைச்செல்வி டீச்சர். மலர் இன்னைக்கே செஞ்சியில இருக்கற பிரஸ்ஸுக்குப் போயிடும்.

— எடுத்துட்டு அந்த எடத்துல இன்னா சார் போடுவீங்க?

— வாழ்த்துச் செய்தி ஏதாவது போட்டுக்கலாம். பவள விழா மலர் டீச்சர் இது. ஞாயித்துக்கெழம ஜில்லா கல்வி அதிகாரி சி.இ.ஓ. கையால வெளியிடறோம். நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு பொண்ண தொரத்திட்டாங்கன்னு நாமளே அச்சடிச்சு அவங்க கையில குடுக்கறதா?

— தொரத்துனது நெசம்தானே சார்.

— ரெக்கார்டுல அப்படி இல்லியே. நீங்கதான் பீரோவத் தொறந்து சேர்க்கை ரெஜிஸ்டர எடுத்தீங்க. இன்னா எழுதியிருக்குது, படிங்க.

— 'த. காத்தாயி, மூன்றாம் வகுப்பு. வேறு ஊர் சென்றதால் நீக்கம்.' எழுபத்தொண்ணு, ஆகஸ்டு மாசம்.

— அவ்ளோதான். முடிஞ்சுது.

— காத்தாயி அத்த எந்த ஊருக்கும் போவல சார். இந்த ஜன்னல்ல பாருங்க, தண்ணி டேங்குக்குப் பின்னால ஓட்டு வூடு தெரியுதா? அங்கதான் பொறந்தாங்க. கல்யாணம் ஆகியும் அதே தெரு. இப்ப அறுபத்திரெண்டு வயசு. நேத்து நான் போனப்ப மல்லாக்கொட்ட உரிச்சுகிட்டு இருந்தாங்க.

— அவங்க சொன்னத வெச்சே ஒரு பக்கம் எழுதிட்டீங்க.

— ரெண்டு மணி நேரம் உக்காந்து கேட்டேன் சார். பள்ளிக்கூடத்துப் பானைத் தண்ணிய ஊர்ப் புள்ளைங்க மேல இருந்து ஊத்தணும், காலனிப் புள்ளைங்க கையேந்திக் குடிக்கணும். அன்னிக்கு ஊத்த ஆளில்ல. இவங்களே பானையில மொண்டு குடிச்சிட்டாங்க. மறுநா காலையில ஸ்லேட்டோட வந்தா, வாசல்லயே நிறுத்தி இனிமே வராதன்னுட்டாங்க. சொன்னவரு அப்ப எச்.எம்.மா இருந்த இராமச்சந்திரன் சார். மலர்ல பேரு போடல. அப்போதைய தலைமையாசிரியர்னுதான் போட்டிருக்கேன்.

— என்னப் பெத்த நைனான்னு சொல்லுங்க. எதுக்கு சுத்தி வளைச்சு.

— உங்க நைனாதான் சார்.

— கேளுங்க டீச்சர். அவரு கெட்டவரு இல்ல. மழைன்னா கூட சைக்கிள் மிதிச்சு வந்து பாடம் நடத்துனவரு. அன்னிக்கு ஊரே வாசல்ல வந்து நின்னுச்சு. அந்தப் பொண்ணு இருந்தா எங்க புள்ளைங்கள அனுப்ப மாட்டோம்னாங்க. பள்ளிக்கூடத்தையே மூடற மாதிரி ஆயிடும்னு பயந்துட்டாரு.

— பயந்தத எழுதியிருக்கேன் சார். ஊரு வந்து நின்னதையும் எழுதியிருக்கேன். ரெஜிஸ்டர்லதான் அது எதுவும் இல்ல.

— போன காலம் அது. இப்ப எதுக்கு?

— போவல சார். மலர்ல முப்பதாம் பக்கம் பாருங்க. அரிகிருஷ்ணன், தலைமையாசிரியர்னு பேர் போட்டு நீங்க எழுதுன கட்டுரை. 'அக்காலத்தில் காலனி மக்களுக்குப் பெண் கல்வியில் நாட்டம் இல்லை.' இது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அதே ரெஜிஸ்டர வெச்சுத்தான். எழுபத்தொண்ணுல இருந்து எண்பது வரைக்கும் காலனியில இருந்து ஒரு பொண்ணு கூட சேரல. ஒவ்வொரு பக்கமா பாத்தேன்.

— காத்தாயி அத்தைக்கு நடந்தத பாத்துட்டு எந்த வூட்ல சார் பொண்ண அனுப்புவாங்க? அத யாரும் எழுதி வெக்கல. எழுதி வெக்காததால நாட்டமில்லன்னு ஆயிடுச்சு. நாளைக்கு யாராவது ஆராய்ச்சி பண்ண வருவாங்க, நம்ம மலர எடுத்து அதையே எழுதுவாங்க. என் கிளாஸ் புள்ளைங்களும் அதத்தான் படிக்கும். அவங்க ஆயாவுக்கெல்லாம் படிக்க ஆசையே இல்லன்னு.

— கட்டுரைய வேணும்னா திருத்திக்கறேன். ஆனா உங்க பக்கம் வேணாம் டீச்சர். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

— எனக்கு இன்னா சார் வந்துடும்? டிரான்ஸ்பரா?

— அதில்ல.

— உங்க நைனா பேரு கெட்டுடும்னு சொல்லிடுங்க. அதாவது புரியும்.

— எங்க நைனா செத்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. கெட்டா கெடட்டும். டீச்சர், அந்தக் கதவ கொஞ்சம் சாத்துங்க. ரெஜிஸ்டர்ல அந்த வரிய எழுதுனது எங்க நைனா இல்ல.

— கீழ அவரு கையெழுத்து இருக்குது.

— கையெழுத்துதான் அவருது. எழுதுனது அப்ப புதுசா வேலைக்கு வந்த உதவி ஆசிரியர். காலனியில இருந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த மொத வாத்தியாரு. நைனா ரெஜிஸ்டர அவர் முன்னால வெச்சு, நீயே எழுதுன்னு சொல்லியிருக்காரு. நாளைக்கு யாராவது கேட்டா, உங்க ஆளு எழுதுனதுன்னு காட்டலாம் இல்ல. நைனா சாவறதுக்கு முன்னால எங்கிட்ட சொன்னாரு.

— பேரு சொன்னாரா?

— பெரியதம்பி வாத்தியாரு. உங்க அம்மாவோட அப்பா. ஞாயித்துக்கெழம இங்க தொறக்கற புதுக் கூடத்துக்கு அவர் பேருதான் வெக்கறோம். அதனாலதான் ஒரு வாரமா எடுங்க எடுங்கன்னு கெஞ்சறேன். இது அச்சுல வந்தா தோண்டுவாங்க டீச்சர். கடைசியில உங்க வூட்டு வாசல்லதான் வந்து நிக்கும்.

— காத்தாயி அத்த நான் கேக்கப் போன மொத நாளே சொல்லிட்டாங்க சார். பேர நீக்குன அன்னிக்கு பொழுதுபோற நேரத்துல தாத்தா அவங்க வூட்டுக்குப் போயிருக்காரு. நான்தாம்மா எழுதுனேன், எழுதலன்னா என்னையும் அனுப்பிடுவாங்கன்னு சொல்லி அழுதிருக்காரு.

— தெரிஞ்சுமா எழுதுனீங்க?

— தெரிஞ்சுதான்.

— இதுல அவரப் பத்தி ஒண்ணும் இல்லியே.

— நீங்க முன்பக்கம்தான் படிச்சீங்க, தாள திருப்புங்க. எங்க தாத்தா பண்ணத பேரோட எழுதியிருக்கேன். அடுத்த தாள காலியா உட்ருக்கேன், உங்க நைனா அவர எழுத வெச்சதப் பத்தி நான் எழுதுனா கோவத்துல எழுதிடுவேன் சார், அத நீங்க எழுதிடுங்க.