பரீட்சையில் தேறாதவர்

செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள் நான். குருவை மட்டும் பக்கத்து வீட்டுக்காரி பேச்சைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தேன் ஐயா. அதுதான் முதல் பிழை. எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த முதல் குரு மேடையும் மைக்கும் வைத்திருந்தவர். என் கணவருக்கு இதய நோய். "மாத்திரையை விடு, என்னைப் பிடி" என்றார் குரு. நான் மருந்துக்கடை நடத்துகிறவள். எந்த மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஊருக்கே எடுத்துச் சொல்கிறவள். ஆனாலும் வீட்டிலிருந்த மாத்திரைகளை என் கையாலேயே குப்பையில் கொட்டினேன். "உனக்குச் சரின்னு பட்டா சரிதான்" என்றார் கணவர். இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. துக்கம் விசாரிக்க ஆள் அனுப்பிய குரு, "நம்பிக்கை போதலை" என்று சொல்லச் சொன்னாராம்.

அன்று வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. கத்துகிற கோபம் இல்லை. அடுப்பை அணைத்த பிறகும் கல்லில் நிற்குமே, அந்தச் சூடு.

பிறகு சாஸ்திரங்களைப் படித்தேன். உண்மையான குரு யார் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கற்றவராக இருக்க வேண்டும். கற்றதில் நிலைத்து நிற்க வேண்டும். கைநீட்டக் கூடாது, வித்தை காட்டக் கூடாது. ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். ஒருவர் பணத்தில் விழுந்தார். இன்னொருவர், பட்டத்தை விட்டுவிட்டு வெறும் பேரைச் சொன்னதற்கே சீறினார்.

கடைசியில் இவரிடம் வந்தேன். பகலில் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. மாலையில் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு வாடகை அறையில் உபநிடதம் சொல்லிக்கொடுப்பார். என்னைவிட வயதில் சின்னவர், 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். காலில் விழப் போனால் எழுந்து நகர்ந்துவிடுவார். காணிக்கை வைத்தால் திருப்பிக் கையில் திணிப்பார். வேண்டுமென்றே எல்லார் முன்னாலும் அவரைப் போலி என்று திட்டினேன். "இருக்கலாம்க்கா" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார். சல்லடை போட்டுச் சலித்தும் ஒரு குறை அகப்படவில்லை.

அதனால்தான் அவரிடம் என் கதையைச் சொன்னேன். "அந்தப் பாவி நாசமாப் போவான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன்.

அவர் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார். "அவர் சொன்னது பொய். அது பொய்னு உங்களுக்கு அப்பவே தெரியும்க்கா. அதை ஒத்துக்கிட்டு ஒரு தடவை வாய்விட்டு அழுதுடுங்க. குருவை அப்புறம் தேடலாம்" என்றார்.

குரலில் குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டு வாசலைக்கூட மிதிக்காதவன், என் கணவரை ஒருநாளும் பார்க்காதவன் என்னிடம் அப்படிச் சொன்னான்.

ஒரே ஒரு பரீட்சை பாக்கி இருந்தது. உண்மையான குருவுக்குச் சீடனின் மனம் தெரியும் என்பார்கள். மறுவாரம் பாடம் முடிந்து எல்லாரும் படியிறங்கிய பிறகு, அவர் முன்னால் பால் டம்ளரை வைத்தேன். என் கடை மருந்துதான் கலந்திருந்தது. ஞானியாக இருந்தால் தொட மாட்டார். நானும் அவர் காலைப் பிடித்துக்கொண்டு ஆயுள் முழுக்க அங்கேயே கிடந்திருப்பேன். நியாயமான பரீட்சைதானே?

அவர் டம்ளரைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"அழுதீங்களாக்கா?"

"அழுதேன்" என்றேன்.

"நல்லதுக்கா, ரொம்ப நல்லது." அவர் முகம் மலர்ந்துவிட்டது. பாலை ஒரே மூச்சில் குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கைகாட்டினார். போன் என் மடியில்தான் இருந்தது. கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். மூச்சு அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

யோசித்துப் பாருங்கள் ஐயா. நான் அழவே இல்லை. அழுதேன் என்று சொன்னதும் அப்படியே நம்பிவிட்டார். பொய் எது, மெய் எது என்று தெரியாதவர் எப்படிக் குருவாக முடியும்? நல்லவேளை, இந்தத் தடவை நான் ஏமாறவில்லை.